நாக்சோஸ் தீவின் மலைக் கிராமங்களில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

கிரேக்கத் தீவு என்றால் வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், மலை விளிம்பில் நீச்சல் குளம் என்று சாந்தோரினி படங்கள்தான் நம் கண்ணில் வரும். அதே சைக்கிளாடிஸ் தீவுக்கூட்டத்தில் பரப்பில் பெரியது நாக்சோஸ். ஏறக்குறைய 430 சதுர கிலோமீட்டர், சுமார் 20,000 பேர். வருகிறவர்களில் பலர் மேற்குக் கரை மணலில் நாலு நாள் படுத்துவிட்டு அடுத்த கப்பலைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். தீவின் உள்பக்கம் முழுக்க மலை, ஒலிவத் தோப்பு, ஆட்டுப்பட்டி, உருளைக்கிழங்கு வயல், பளிங்கு குவாரி. சுற்றுலாக்காரர்கள் வராவிட்டாலும் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும் ஊர்கள் அவை.

முதன்முறை போனபோது நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மேப்பில் எட்டு ஊர்களுக்குப் புள்ளி வைத்துக்கொண்டு கிளம்பினேன். மதியம் 3 மணிக்கு ஐந்தாவது ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் கடை பூட்டு, தேவாலயம் பூட்டு, அருங்காட்சியகம் பூட்டு. தெருவில் ஒரு பூனை மட்டும் நிழலில் படுத்திருந்தது. மீதி மூன்று ஊரையும் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் நிறுத்தங்கள் குறைவு, மதியச் சாப்பாடு நீளம்.

எப்போது போகலாம்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். மே மாதம் மலைச்சரிவில் காட்டுப்பூக்கள் இருக்கும், நடக்க இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயிலோடு மெல்தெமி என்ற வடகாற்றும் சேர்ந்துகொள்ளும். கடற்கரையில் மணலை முகத்தில் அடிக்கிற அந்தக் காற்று மலையூர்களில் ஒருவகையில் வரம்தான், உடம்பு வேகாது. ஆனால் காற்று முற்றினால் கப்பல்கள் தாமதமாகும், சில நாள் ஓடவே ஓடாது. விமானம் பிடிக்க வேண்டியவர்கள் ஏதன்ஸ் திரும்புவதை ஒரு நாள் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுக்கு வர, ஏதன்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம். வேகக் கப்பலில் நாலு மணிக்குள். பெரிய கப்பல்தான் மலிவு, குறைவாக ஆடும், மேல்தளத்தில் நின்று தீவுகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். என் ஓட்டு அதற்குத்தான். ஏதன்ஸிலிருந்து சின்ன விமானமும் உண்டு.

காரா, பஸ்ஸா?

இந்தச் சுற்றுக்குக் கார்தான் சரி. நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்தியாவில் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம், ஓராண்டு செல்லும். ஊரைவிட்டுக் கிளம்புமுன்பே வாங்கிவிடுங்கள், அங்கே போனபின் வழியில்லை. வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள்.

அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு நேர்ச்சாலையில் சிக்கல் இல்லை. காலையில் ஆளில்லாத ஊர்ச்சாலையில் வண்டியை எடுக்கும்போதும், பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போதும்தான் கை பழைய பக்கத்துக்குப் போகும். அப்புறம், இன்டிகேட்டரும் வைப்பரும் நம் வண்டிக்கு நேர்மாறாக இருக்கும். முதல் நாள் முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் நான் மழையில்லாமல் கண்ணாடி துடைத்தேன். அதற்கு வெட்கப்பட வேண்டாம்.

மலைச்சாலை குறுகல், வளைவுகள் அதிகம். கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஹாரன் அடியுங்கள். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பின்னால் உள்ளூர் ஆள் ஒட்டிக்கொண்டு வந்தால் சற்று ஒதுங்கி வழிவிடுங்கள், அவருக்குப் பாதை மனப்பாடம். நாலு சக்கர பைக்கும் வாடகைக்குக் கிடைக்கும். கிரேக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் பேர் ‘குரூனா’, அதாவது பெண்பன்றி. கடற்கரை வரை போய்வர அது போதும். மலைக் காற்றில், வளைவுகளில் அதில் உட்கார்ந்து போவதை நான் சொல்ல மாட்டேன்.

கார் ஓட்டாதவர்களும் போகலாம். தலைநகரான சோராவின் துறைமுகத்தை ஒட்டியே பஸ் நிலையம் இருக்கிறது. இந்தச் சுற்றில் நாம் நிற்கும் ஊர்களில் ஹல்கி, ஃபிலோட்டி, அபீரந்தோஸ் மூன்றும் ஒரே தடத்தில்தான் வரும். நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், ஞாயிற்றுக்கிழமை பஸ் குறையும். முந்தின நாளே நிலையத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போகவர இரண்டு டிக்கெட்டையும் ஏறுமுன்பே வாங்குங்கள். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் அந்தத் தாளில் முக்கியமான வரி. பஸ்ஸில் போகிறவர்கள் முதலில் நேராக அபீரந்தோஸ் போய்விட்டு, திரும்பும்போது ஃபிலோட்டியில் இறங்கி, அங்கிருந்து ஹல்கிக்குத் தோப்பு வழியாக முக்கால் மணி நடந்து, ஹல்கியில் பஸ் பிடிப்பது நல்ல திட்டம். கீழே சொல்லப்போகும் சங்க்ரி கோயிலையும் ஃப்ளேரியோ சிலையையும் விட்டுவிட வேண்டியிருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம்

பெட்ரோல் நிரப்புங்கள். மலைக்குள் பங்க் தேடி அலைய வேண்டாம். சில்லறை யூரோ கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை எல்லா இடத்திலும் எடுப்பார்கள், ஆனால் தேவாலய உண்டியலுக்கும் கிழவிகள் விற்கும் ஆரிகானோ கட்டுக்கும் நாணயம்தான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள ஷூ. செருப்போடு வராதீர்கள். பல நூறு ஆண்டு மிதிபட்ட பளிங்குத் தெரு வழுக்கும். தேவாலயத்துக்காகத் தோளையும் முட்டியையும் மூடும் ஒரு துண்டு அல்லது துப்பட்டா. மேப்பை இணையமில்லாமல் பார்க்கும்படி இறக்கி வையுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அவசர எண் 112.

நாலு சொல் போதும். காலையில் ‘கலிமேரா’, எப்போதும் ‘யாஸ்ஸாஸ்’, நன்றிக்கு ‘எஃப்ஹரிஸ்தோ’. நாலாவது சொல்தான் ஆபத்தானது: ‘நே’. அது ‘ஆமாம்’. காதுக்கு அச்சு அசலாக ‘நோ’ மாதிரியே விழும். இல்லை என்பதற்கு ‘ஓஹி’. சில பெரியவர்கள் அதையும் சொல்ல மாட்டார்கள், புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, நாக்கால் ‘ச்சு’ என்பார்கள். நம் ஊரில் ‘சாப்டியா?’ என்று கேட்டால் வருகிற அதே ‘ச்சு’.

காலை 8 மணி: சங்க்ரி, தெமத்ரா கோயில்

சோராவிலிருந்து தெற்கே உள்நாட்டுச் சாலையில் போனால் பதினைந்து, இருபது நிமிடத்தில் சங்க்ரி வரும். ஊருக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவே, கீரூலா என்ற இடத்தில் தானியத் தெய்வமான தெமத்ராவுக்கு கி.மு. 530 வாக்கில் கட்டிய கோயில் இருக்கிறது. சுற்றிலும் இன்றும் வயல்தான். தானியத் தெய்வத்தைத் துறைமுகத்தில் வைக்காமல் விளையும் மண்ணில் வைத்திருக்கிறார்கள்.

அளவில் சின்னக் கோயில். ஆனால் சுவர், தூண், உத்தரம், கூரை ஓடு வரைக்கும் பளிங்கு. நாக்சோஸ் பளிங்கு பெரிய பெரிய மணிகளாக இருக்கும், பக்கத்தில் போய்ப் பாருங்கள், கல்கண்டு உடைத்த இடம் போல மின்னும். மெல்லிய ஓடுகளின் வழியே வெளிச்சம் உள்ளே கசிந்திருக்கும் என்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் இதையே தேவாலயமாக மாற்றினார்கள். பழைய கற்களைப் பிரித்துப் புதுச் சுவரில் வைத்ததால்தான் அவை ஊரைவிட்டுப் போகாமல் தப்பின. 1990களில் அவற்றைத் தேடி எடுத்து ஒரு பகுதியைத் திரும்ப நிறுத்தினார்கள். பக்கத்தில் சின்ன அருங்காட்சியகம் உண்டு. நிழலே இல்லாத இடம், அதனால்தான் இது நாளின் முதல் நிறுத்தம். திறக்கும் நேரம் பருவத்துக்கேற்ப மாறும், முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் வேலிக்கு வெளியிலிருந்து கோயில் நன்றாகவே தெரியும்.

காலை 10: ஹல்கி

சங்க்ரியைத் தாண்டியதும் சாலை திராகேயா பள்ளத்தாக்குக்குள் இறங்கும். ஒலிவ மரம், ஒலிவ மரம், மேலும் ஒலிவ மரம். நடுவில் ஹல்கி, ஒரு காலத்தில் தீவின் தலைமை ஊர். ஊர் வாசலிலேயே காரை விட்டுவிடுங்கள். கிராமத் தெருக்கள் கழுதையின் அகலத்துக்குப் போட்டவை, நுழைந்துவிட்டால் பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். இது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

ஹல்கியில் பார்க்க வேண்டியது 1896 முதல் இயங்கும் வலிந்த்ராஸ் வடிசாலை. கித்ரோ என்ற மதுவை இங்கே வடிக்கிறார்கள். நம் நார்த்தங்காய், கடாரங்காய் குடும்பத்து மரம்தான் கித்ரோவுக்கும் மூலம். காயைவிட இலைதான் முக்கியம், இலையை ஊறவைத்து வடிக்கிறார்கள். நார்த்த இலையை இடித்து வேப்பிலைக்கட்டி செய்கிற நமக்கு, இலையில் மணம் இருக்கிற விஷயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூடியைத் திறந்ததும் வருகிற வாசனை பழக்கப்பட்டதாகவே இருக்கும். மூன்று நிறத்தில் வைத்திருப்பார்கள். பச்சை இனிப்பு, காட்டம் குறைவு. மஞ்சள் காட்டமானது. நிறமில்லாதது நடுவாந்தரம். வடிக்கப் பயன்பட்ட பழைய செம்புக் கலன்களையும் சுற்றிக் காட்டுவார்கள். ஓட்டுகிறவர் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும், குட்டிப் புட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் ராத்திரிக்கு ஆச்சு.

அதன்பின் ஊருக்குப் பின்பக்கமாக நடங்கள். தோப்புக்குள் போகும் கல்பாவிய பாதை பத்துப் பதினைந்து நிமிடத்தில் புனித ஜார்ஜ் தியாசொரீத்திஸ் தேவாலயத்துக்குக் கொண்டுபோகும். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே அந்தக் காலத்துச் சுவரோவியங்கள். பூட்டியிருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் போங்கள், அந்தப் பாதையே போதும். இருபுறமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர். ஒரு கல்லின் எடை இன்னொரு கல்லைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான் சூத்திரம். சரிவில் மண் அரித்துப் போகாமல் தீவு முழுவதையும் படிப்படியாகத் தாங்குவது இந்தச் சுவர்கள்தான். கிரீஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளின் இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2018இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், ஒரு கல் சரிந்தால் ஒரு கெஜம் சரியும்.

பாதையில் கம்பியாலோ கயிற்றாலோ கட்டிய கதவு வந்தால் அவிழ்த்துக் கடந்து, திரும்பக் கட்டிவிட்டுப் போங்கள். ஆடு தப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது, ஆளைத் தடுக்க இல்லை.

11.30: மோனி, த்ரோசியானி மாதா தேவாலயம்

ஹல்கியிலிருந்து வடக்கே சில நிமிடம் ஏறினால் மோனி. ஊருக்குச் சற்று முன்னால் சாலையோரம், கல்லைக் குவித்துவைத்த மாதிரி ஒரு கட்டடம். அவசரத்தில் ஆட்டுக்கொட்டில் என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். அதுதான் பனயியா த்ரோசியானி, சைக்கிளாடிஸின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. உள்ளே ஆறாம், ஏழாம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் மேலே பூசி வரைந்த அடுக்குகளை எடுத்தபோது வெளிப்பட்டவை. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசு உருவ ஓவியங்களையே தடைசெய்து அழித்த காலம் உண்டு. அதற்கு முந்தைய முகங்கள் கிரேக்க மண்ணில் மிச்சமிருப்பது அபூர்வம்.

உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழக குவிமாடத்தில் பெரிய கண்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். படம் எடுக்கலாமா என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மெழுகுத்திரிக்கு ஒரு நாணயம் போடுவது வழக்கம். மதியத்தில் பூட்டிவிடலாம் என்பதால் 12 மணிக்குள் வந்துவிடப் பாருங்கள்.

ஃபிலோட்டி: ஒரு காபிக்கு மட்டும்

ஸாஸ் மலை அடிவாரத்தில் பெரிய ஊர். சாலையோரச் சதுக்கத்தில் பிளேன் என்ற வகை மரம், அதன் நிழலில் காபிக்கடைகள். ‘எல்லினிக்கோ’ என்று கேட்டால் தூளோடு காய்ச்சிய கிரேக்கக் காபி சின்னக் கோப்பையில் வரும். சர்க்கரையைக் காய்ச்சும்போதே போடுவதால் முன்பே சொல்ல வேண்டும்: ‘ஸ்கேத்தோ’ என்றால் சர்க்கரை இல்லாமல், ‘மேத்ரியோ’ நடுத்தரம், ‘க்ளிக்கோ’ இனிப்பு. கலக்காதீர்கள், அடியில் ஒரு விரல் வண்டல் இருக்கும், அதை விட்டுவிட வேண்டும். பால்காபிக்காரர்கள் ஐஸ் போட்ட ஃப்ரெட்டோ கப்புச்சினோ என்று கேட்டுவிடுங்கள், கோபப்பட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 15 மாதா திருநாளில் இங்கே ஊரே ஆடும். அன்று போனால் இந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஃபிலோட்டியிலேயே இருந்துவிடுங்கள்.

தலைக்குமேலே தெரிகிற ஸாஸ்தான் சைக்கிளாடிஸின் உயர்ந்த மலை, 1,000 மீட்டருக்குச் சற்றே மேல். ஸாஸ் என்றால் ஸீயஸ். அவர் வளர்ந்த இடம் என்று சொல்லும் ஒரு குகையும் சரிவில் இருக்கிறது. ஏற ஆசை வரும். இன்றைக்கு வேண்டாம். அதற்கு விடிகாலையில் கிளம்பும் தனி நாள் வேண்டும், ஆயியா மரீனா சிற்றாலயம் வழியாகப் போகும் பாதை சுலபம்.

மதியம் 1 மணி: அபீரந்தோஸ்

ஃபிலோட்டிக்கு மேல் சாலை வளைந்து வளைந்து ஏறும். 600 மீட்டர் உயரத்தில் அபீரந்தோஸ். பகலின் சூடான நேரத்தை இங்கே செலவிடத்தான் காலையிலிருந்து நேரம் பார்த்துக்கொண்டு வந்தோம். கீழே கொதிக்கும்போது இங்கே சட்டை படபடக்கும்.

தெரு, படி, வாசற்படி எல்லாமே பளிங்கு. பளிங்கு என்றதும் அரண்மனை நினைவு வர வேண்டாம், காலடியில் கிடைத்த கல் இவர்களுக்குப் பளிங்கு, அவ்வளவுதான். சாம்பல் நிறக் கல்வீடுகள், தெருவுக்கு மேலே வளைவுகள், நடுநடுவே வெனிஸ்காரர்கள் காலத்துக் கோபுர வீடுகள். 1207இல் மார்கோ சனூதோ என்ற வெனிஸ்காரர் தீவைப் பிடித்துத் தனி ஆட்சி அமைத்தார், அந்த ஆட்சி மூன்று நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அபீரந்தோஸ்காரர்கள் தங்கள் முன்னோர் கிரீட் தீவிலிருந்து வந்தவர்கள் என்பார்கள். பேச்சு வழக்கிலும் கிரீட் வாடை அடிக்கும். நின்ற இடத்தில் ஈரடி கட்டி ஒருவரையொருவர் மடக்கிப் பாடும் ‘கொத்சாக்கியா’ இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கல்யாண வீட்டிலோ காபிக்கடையிலோ காதில் விழுந்தால், பொருள் புரியாவிட்டாலும் யார் யாரை வாரினார்கள் என்பது சிரிப்பில் தெரிந்துவிடும்.

மனோலிஸ் கிளெஸோஸ் 1922இல் பிறந்த ஊர் இது. 1941 மே 30 ராத்திரி, அப்போஸ்தோலோஸ் சந்தாஸ் என்ற நண்பரோடு ஏதன்ஸ் அக்ரோபோலிஸ் மேல் ஏறி, நாஜிகளின் கொடியை இறக்கியவர். அப்போது வயது 18. பின்னாளில் ஊர்த் தலைவராகி, எல்லா முடிவையும் ஊர்க்கூட்டமே எடுக்கும் முறையை இங்கே நடத்திப் பார்த்தார். 2020இல் காலமானார்.

இந்த மலைக்குள் இருப்பது எமரி. சாணை பிடிக்கிற கல், உப்புத்தாளில் ஒட்டுகிற தூள். பழங்காலத்திலிருந்தே நாக்சோஸ் அதற்குப் பேர் போனது. சிற்பிகள் பளிங்கை மெருகேற்றியது இதை வைத்துத்தான். அபீரந்தோஸும் சுற்றியுள்ள சில ஊர்களும் தலைமுறை தலைமுறையாக இதைத் தோண்டித்தான் பிழைத்தன. 1920களில் கம்பிவடம் கட்டித் தொட்டிகளில் கல்லை மலையிலிருந்து கிழக்குக் கரையின் மூத்சூனா துறைக்கு இறக்கினார்கள். செயற்கைச் சாணைப்பொருள் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. வடத்தைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்து இன்னும் சரிவுகளில் நிற்கின்றன. எமரிக்குக் கடினத்தைத் தருவது குருந்தம். உலகம் முழுக்க அந்தக் கனிமத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. ஊரின் சின்ன நிலவியல் அருங்காட்சியகத்தில் அந்தக் கருங்கட்டியைக் கையில் தூக்கிப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொண்டேன். பார்வைக்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிய கனம்.

அந்த ஊருக்குள் இப்படி அருங்காட்சியகங்கள் பல, ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. எல்லாம் பார்க்க வேண்டாம். நிலவியலும், தறியும் மாவாட்டும் கல்லும் வைத்திருக்கிற நாட்டுப்புறக் காட்சியும் போதும். சாப்பாட்டுக்கு முன்பே போய்விடுங்கள், பின்பு பூட்டிவிடலாம்.

சாப்பாட்டு மேசை

மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம். இதைக் குறைக்காதீர்கள். மற்ற ஊர்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் இது, எங்கே போனாலும் பூட்டுதான்.

அசைவக்காரர்களுக்கு ஆட்டுக்கறி, பூண்டும் தக்காளியும் சேர்த்து வேகவைத்த ‘ரோஸ்தோ’ என்ற பன்றிக்கறி, வீட்டுக் கொத்துக்கறித் தொத்திறைச்சி என்று குறையில்லை. சைவக்காரர்கள் தயங்க வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்கு ஆண்டில் விரத நாட்கள் ஏராளம், அதனால் கறி, முட்டை, பால் இல்லாத சமையல் இங்கே பழைய பழக்கம். ‘நிஸ்தீசிமோ’ என்று கேளுங்கள், விரதச் சாப்பாடு என்று அர்த்தம். ஒரே ஒரு எச்சரிக்கை: அவர்கள் விரதத்தில் கணவாயும் இறாலும் செல்லும். ஆகவே ‘ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி, ஹோரிஸ் தலசினா’ என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம், மற்ற கடலுணவும் வேண்டாம்.

என்ன கேட்கலாம்? ஃபாவா, நம் பருப்பு மசியல்தான், மேலே ஒலிவ எண்ணெயும் வெங்காயமும். ஹோர்த்தா, அவித்த காட்டுக்கீரை, எலுமிச்சை பிழிந்து. ரெவித்யா, நெடுநேரம் வெந்த கொண்டைக்கடலை. கெமிஸ்தா, அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடைமிளகாயும், ஆனால் சில கடையில் கொத்துக்கறியும் அடைப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். காரம் எதிலும் இருக்காது. பையில் ஊறுகாய் பொட்டலம் வைத்திருந்தால் எடுக்காதீர்கள், ஒரு வேளைதானே.

எது கேட்டாலும் கேட்காவிட்டாலும் உருளைக்கிழங்கு வறுவலைக் கேளுங்கள். நாக்சோஸ் உருளைக்கிழங்குக்கு 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. உரிக்கும்போதே மண்வாசனை வரும் கிழங்கு, கையால் நறுக்கி ஒலிவ எண்ணெயில் வறுத்தது. கூடவே உள்ளூர் க்ராவியேரா, பசும்பால் பாலாடைக்கட்டி, லேசான இனிப்போடு இருக்கும். ஆட்டுப்பாலில் செய்த ‘அர்செனிக்கோ’ கெட்டியாகவும் காட்டமாகவும் இருக்கும். எனக்குப் பின்னதுதான்.

ரொட்டி கேட்காமலே வரும், பில்லில் சேர்த்திருப்பார்கள், அது ஏமாற்று வேலை இல்லை. தட்டுகள் நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவதே முறை. பில் நீங்கள் கேட்டால்தான் வரும், அதுவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்காரர் இனிப்போ குட்டிக் கிண்ணத்தில் ராக்கி என்ற மதுவோ சும்மா கொண்டுவந்து வைக்கலாம். ஓட்டுகிறவர் ‘ஒத்திகோ’ என்று ஸ்டியரிங் திருப்புகிற மாதிரி கையைக் காட்டினால் சிரித்துக்கொண்டே எடுத்துப் போய்விடுவார்கள்.

கழிவறையில் ஒரு விஷயம்: காகிதத்தைக் கோப்பைக்குள் போடக் கூடாது, பக்கத்துக் கூடையில் போட வேண்டும். பழைய குழாய்கள், அடைத்துக்கொள்ளும்.

4 மணி: இரண்டு வழி

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். உடம்பு கடலைக் கேட்டால், அபீரந்தோஸிலிருந்து கிழக்கே மலையிறங்கி மூத்சூனா போங்கள். எமரி இறங்கிய துறை இன்று அமைதியான மீனவர் குடியிருப்பு. பழைய கம்பிவடத்தின் மிச்சங்களுக்குப் பக்கத்தில் குளித்துவிட்டு வந்த வழியே திரும்பலாம்.

இல்லையென்றால் ஹல்கிக்குத் திரும்பி, மோனி வழியாகக் கினீதாரோஸ் ஊரைக் கடந்து ஃப்ளேரியோ போங்கள். நான் இதைத்தான் சொல்வேன். கினீதாரோஸ் பக்கம் மலையையே கத்தியால் நறுக்கியது போலப் பளிங்கு குவாரிகள் தெரியும், லாரி வந்தால் ஒதுங்குங்கள். ஃப்ளேரியோவில், ஓடையோரத் தோட்டத்தில், மரத்தடியில் ஒரு பளிங்கு இளைஞன் மல்லாக்கப் படுத்திருக்கிறான். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், கி.மு. ஆறாம் நூற்றாண்டு. குவாரியிலேயே உருவை முக்கால்வாசி செதுக்கிவிட்டு இறக்கிக் கொண்டுபோகும்போது கால் உடைந்திருக்க வேண்டும், அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். இங்கிருந்து மேலே கொஞ்சம் ஏறினால் இன்னொருவனும் கிடக்கிறான். முகம் தேய்ந்து, உளித் தடம் மட்டும் தெளிவாக. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது தடங்கள் நன்றாகத் தெரியும், நடுப்பகலில் வெறும் பாறைதான்.

வடமுனையில் அப்போலோனாஸ் ஊருக்கு மேல் இதைவிடப் பெரிய, பத்து மீட்டருக்கு மேல் நீளமான தாடிக்காரச் சிலை கிடக்கிறது. அதையும் இன்றே பார்த்துவிடலாமே என்று தோன்றும். மேப்பில் பக்கம் மாதிரிதான் இருக்கும், வளைவுகளைக் கணக்கில் எடுத்தால் போகவர மூன்று மணி நேரத்துக்கும் மேல், அதுவும் திரும்பும்போது இருட்டு. இன்னொரு நாள் வடக்குக் கரைச் சாலையில், நடுவில் எங்கேயாவது குளித்துக்கொண்டு, அதை மட்டும் பார்க்கப் போங்கள்.

ஃப்ளேரியோவிலிருந்து மெலானெஸ் வழியாகச் சோராவுக்கு இருபது நிமிடம். ஊருக்குள் நுழைவதற்கு முன் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள், காலையில் காரைத் திருப்பித் தரும்போது அளவு பார்ப்பார்கள். க்ராவியேரா வாங்க நினைப்பவர்கள் துறைமுகத்துப் பக்கக் கடைகளில் காற்றுப் புகாமல் பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள். கித்ரோ புட்டியோடு அதையும் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள், கைப்பையில் வைத்தால் ஏதன்ஸ் விமான நிலையத்தில் புட்டியை எடுத்துக்கொள்ளக்கூடும்.